டார்கெட்டுக்கு முன்னால் ஏரியாவைக் கேளுங்கள்: அமெரிக்க விற்பனை வேலைக்கு வரும் கறுப்பின இளைஞர்களின் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் வேலையைப் பற்றித் தமிழில் எதற்கு? எழுதுவது யார்?

திருநெல்வேலியில் மூன்று வருடம் மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கியவன் நான். பிறகு அமெரிக்கா வந்து அட்லாண்டாவில் மென்பொருள் விற்கும் கம்பெனிகளில் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. கடைசி ஆறு வருடமாகப் புதிதாகச் சேருகிறவர்களின் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். அட்லாண்டா நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், கிளார்க் அட்லாண்டா என்ற மூன்று கல்லூரிகளும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் என் குழுவில் முதல் வேலைக்கு வருகிறவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் எப்போதும் உண்டு. கீழே இருப்பவை அவர்கள் காபி குடிக்கும்போதும் காரில் போகும்போதும் கேட்டவை.

தமிழில் எழுதக் காரணம், இவர்களை நேர்காணல் செய்து ஏரியா (ஒருவர் விற்க வேண்டிய பகுதி அல்லது வாடிக்கையாளர் பட்டியல்) பிரித்துக் கொடுக்கிற நாற்காலியில் இன்று தமிழர்களும் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான். நான் கறுப்பினத்தவன் இல்லை. பட்டதைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். மிச்சம், இந்த நாட்டில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த என் முதல் மேலாளர் சொன்னது. சார்லட்டில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி அவர்.

விற்பனையில் எண்தானே பேசும்? டார்கெட்டை முடித்தவன் ஜெயித்தவன். இதில் நிறம் எங்கே வந்தது?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். பலர் இந்தத் தொழிலுக்கு வருவதே இந்த நம்பிக்கையில்தான். மற்ற துறைகளில் மேலதிகாரி மனது வைக்க வேண்டும். இங்கே எண் போதும் என்று நினைக்கிறார்கள். பாதி உண்மை. மற்ற பாதியை மெடிக்கல் ரெப்பாக இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெல்லையில் ஹைகிரவுண்டு பக்கம் பத்து டாக்டர்களை ஒரே காலையில் பார்த்துவிடுகிற ரெப்பும், திசையன்விளை, ராதாபுரம் என்று பஸ் பிடித்து நாளுக்கு நாலு பேரைப் பார்க்கிற ரெப்பும் ஒரே டார்கெட்டைச் சுமந்தால் யார் முடிப்பார்கள்? எனக்கு முதல் வருடம் கிடைத்தது இரண்டாவது. திருநெல்வேலியில் அல்வா கொடுத்தார்கள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

எண் பிறப்பது ஏரியாவிலிருந்து. ஏரியாவைக் கொடுப்பது ஒரு மனிதர். நிறம் உள்ளே வருவது அந்த இடத்தில்தான்.

என் மேலாளர் இதை ஒரு மதியம் காட்டினார். வருட முடிவில் இரண்டு பேரின் கணக்கு. ஒருவர் டார்கெட்டைத் தாண்டியிருந்தார், இன்னொருவர் அறுபது சதவீதத்தில் நின்றிருந்தார். இரண்டு பேருக்கும் ஆளுக்குத் தொண்ணூறு வாடிக்கையாளர் கணக்குகள், ஆக சமம் என்று மேலிடம் சொன்னது. அவர் இரண்டு பட்டியலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘கடைசியாக வாங்கிய தேதி’ என்ற நிரலில் வரிசைப்படுத்தினார். ஒரு பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இரண்டு வருடத்துக்குள் ஏதாவது வாங்கியவை. இன்னொன்றில் ஏழு. மீதியில் சில கம்பெனிகள் மூடியே போயிருந்தன. போன் எண் வேலை செய்யவில்லை. ஏழு யாருடையது என்று நான் கேட்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்து அறுபதைத் தாண்டாத அந்தக் கறுப்பினப் பையனைச் ‘சோம்பேறி’ என்று அதற்கு முந்தின வாரம் கேன்டீனில் ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

இது ஒரு ஆபீஸின் கதை மட்டும் இல்லை. மெரில் லிஞ்ச் என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தின் மீது 2005-ல் ஜார்ஜ் மெக்ரெனால்ட்ஸ் என்ற கறுப்பினத் தரகர் வழக்குப் போட்டார். ஒரு தரகர் வேலையை விட்டுப் போனால் அவருடைய வாடிக்கையாளர்களை மீதி இருப்பவர்களுக்கு எப்படிப் பங்கிடுகிறார்கள், தரகர்கள் தங்களுக்குள் குழு சேரும்போது யாரை ஒதுக்குகிறார்கள் என்பதுதான் வழக்கின் மையம். போன வருடம் நன்றாக விற்றவருக்கே நல்ல கணக்குகள் போகும் என்பது விதி. விதியில் நிறம் இல்லை. ஆனால் முதல் வருடம் பின்தங்கியவர் அந்த விதியால் வருடா வருடம் பின்தங்குவார். 2013-ல் 16 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. ஏறத்தாழ 1,200 கறுப்பினத் தரகர்களுக்கு அதில் பங்கு.

அப்படியானால் நேர்காணலில் என்ன கேட்பது?

டார்கெட் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எனக்குக் கொடுக்கப்போகிற ஏரியாவை இதற்கு முன் யார் பார்த்தார்கள், அவர் இப்போது எங்கே இருக்கிறார்? பதவி உயர்ந்து போயிருந்தால் நல்லது. மூன்று வருடத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் அது சுடுகாடு. குழுவில் போன வருடம் எத்தனை பேர் டார்கெட்டை முடித்தார்கள்? “எல்லாரும் சூப்பர்” என்றால் பதில் இல்லை என்று அர்த்தம், எண்ணாகக் கேளுங்கள். இணையதளம் வழியாகத் தானாக வருகிற விசாரிப்புகளை யாருக்கு, எந்த முறையில் கொடுக்கிறீர்கள்? கணினி வரிசை போட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிறதா, மேலாளர் கையால் கொடுக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு மேலாளர் நெளிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கேட்டால் திமிர் என்று நினைப்பார்களோ என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். கேள்வி கேட்கத் தெரியாதவரை விற்பனைக்கு எடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் எல்லா மேலாளரும் இப்படி இல்லை என்பதும், ஒரே கேள்வியை வெள்ளைக்காரப் பையன் கேட்டால் ‘கூர்மை’, கறுப்பினப் பெண் கேட்டால் ‘குணம் சரியில்லை’ என்று குறிப்பு எழுதுகிறவர்கள் உண்டு என்பதும் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் மேலாளரின் வழி இது: “முதல் தொண்ணூறு நாளைத் திட்டமிட வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்” என்று ஒரு வரி முன்னால் சேர்த்துவிட்டுக் கேட்பது.

‘ஆன் டார்கெட் எர்னிங்ஸ்’ ஒரு லட்சம் டாலர் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, நம்பலாமா?

ஓ.டி.இ. என்பது டார்கெட்டை நூறு சதவீதம் முடித்தால் வருகிற தொகை. அடிப்படைச் சம்பளமும் கமிஷனும் சேர்ந்தது. ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். அடிப்படை 50,000, கமிஷன் 50,000, டார்கெட் 5,00,000 டாலர் விற்பனை என்றால் விற்கிற ஒவ்வொரு டாலருக்கும் பத்து சென்ட். ஏரியா வறண்டு 2,00,000-க்குத்தான் விற்றீர்கள் என்றால் கமிஷன் 20,000. ஒரு லட்சம் என்று நம்பி வாடகைக்கு வீடு பிடித்தவர் கையில் 70,000, அதிலும் வரி. அதனால் வீட்டுச் செலவை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் போடுங்கள். குடும்பத்திலிருந்து பணம் வாங்க வழியில்லாதவர்கள், ஊருக்கே பணம் அனுப்புகிறவர்கள் இதில் சூதாடக் கூடாது. முழுக்க முழுக்கக் கமிஷன் மட்டுமே உள்ள வேலையை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்குத் தாங்கிப் பிடிக்க அப்பா இருந்தார்.

ஒப்பந்தக் காகிதத்தில் மூன்று இடத்தைத் தேடிப் படியுங்கள். ‘டிரா’ என்றால் முன்பணம். ‘திரும்பப் பெறத்தக்கது’ என்று இருந்தால் பிறகு வருகிற கமிஷனில் கழித்துக்கொள்வார்கள், அதாவது கடன். ‘கிளாபேக்’ என்றால் வாடிக்கையாளர் பாதியில் விலகினால் கொடுத்த கமிஷனைத் திரும்ப வாங்குவது. மூன்றாவது, நீங்கள் வேலையை விட்ட பிறகு முடிகிற வியாபாரத்துக்குக் கமிஷன் உண்டா என்பது. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் கமிஷன் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மற்ற ஊர்களில் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சக ஊழியரிடம் எவ்வளவு சம்பளம் என்று கேட்கலாமா? கம்பெனி தடை போட்டிருக்கிறது.

கேட்கலாம். மேற்பார்வைப் பொறுப்பில் இல்லாத தனியார் ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதை 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் காக்கிறது. பெரும்பாலான கம்பெனிகளின் தடை சும்மா காகிதம். கொலராடோ, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். உங்கள் ஊரில் அந்தச் சட்டம் இல்லையென்றாலும் அதே வேலைக்குக் கொலராடோவின் டென்வரில் போட்ட விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு எனக்கு நேரான பதில் கிடையாது. முதலில் உண்மை நிலவரம்.

மரியான் பெர்ட்ரான்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் (இரண்டாமவரின் பெயரைப் பார்த்தாலே வேர் எங்கே என்று தெரிகிறது) 2001, 2002-ல் பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரு சோதனை செய்தார்கள். 1,300-க்கும் மேற்பட்ட வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்கள். பாதியில் எமிலி, கிரெக் போன்ற பெயர்கள். பாதியில் லக்கீஷா, ஜமால் போன்றவை. 2004-ல் வெளியான முடிவு: வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு, கறுப்பினப் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. அந்த விளம்பரங்களில் விற்பனை வேலைகளும் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. இன்னொரு விஷயம் என்னை அதிகம் உறுத்தியது. விண்ணப்பத்தில் தகுதியைக் கூட்டியபோது எமிலிக்கு அழைப்புகள் நன்றாகக் கூடின. லக்கீஷாவுக்கு அந்த அளவு கூடவில்லை. “இன்னும் ஒரு சான்றிதழ் வாங்கு” என்ற அறிவுரையின் லட்சணம் அது.

இருபது வருடம் கழித்து வேறு ஆய்வாளர்கள் 108 பெரிய நிறுவனங்களுக்கு 83,000 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 2022-ல் வெளியானது. இடைவெளி குறைந்திருந்தது, மறையவில்லை. முக்கியமான விஷயம், பாரபட்சம் எல்லா நிறுவனங்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. மோசமான ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களிடமே ஏறக்குறைய பாதி பாரபட்சம் குவிந்திருந்தது. ஆகப் பெயரை மாற்றுவதைவிடக் கதவை மாற்றித் தட்டுவது பயன் தரலாம்.

சென்னைக் கால்சென்டர்களில் ராத்திரி பத்து மணிக்குச் சரவணன் ‘ஸ்டீவ்’ ஆனதைப் பார்த்த தலைமுறை நான். சம்பளம் வந்தது, ஆனால் ஸ்டீவ் என்று கூப்பிட்டால் பகலிலும் திரும்பிப் பார்க்கிறேன் என்று ஒரு நண்பன் சொல்வான். என் குழுவில் ஒரு பையன் தன் நடுப்பெயரை வைத்து விண்ணப்பித்து வேலை வாங்கினான். சேர்ந்த இரண்டாம் வாரம் மின்னஞ்சல் கையெழுத்தில் முதல் பெயரைத் திரும்பப் போட்டுக்கொண்டான். இன்னொரு பெண் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன் என்று நின்றாள். இருவரும் செய்தது சரி. வாடகை கட்ட வேண்டியவர் தந்திரம் செய்வதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

போனில் குரலை மாற்றிப் பேச வேண்டுமா?

எல்லா விற்பனையாளரும் மாற்றுகிறார்கள். நான் போனில் பேசுவதைக் கேட்டால் என் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. வாடிக்கையாளருக்கு விளங்குகிற வேகம், விளங்குகிற சொல், இது தொழில். ஆனால் நாள் முழுக்க எண்பது அழைப்பு, எண்பதிலும் வேறு ஆள் மாதிரி நடிப்பது வேறு. அது மாலையில் ஆளைத் தின்றுவிடும். ஒரு பையன் மூன்று மாதம் அப்படிப் பேசித் திணறினான். சொந்த ஊரான பர்மிங்ஹாமில் ஒரு லாரி கம்பெனி அதிகாரியுடன் பேசும்போது தன்னையறியாமல் அலபாமாப் பேச்சு வந்துவிட்டது. எதிராளியும் அதே மாவட்டம். இருபது நிமிடம் ஹைஸ்கூல் கால்பந்து பேசினார்கள். அதன் பிறகு நிதானத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடிப்பை விட்டுவிட்டான்.

பின்னல், ஆஃப்ரோ, டிரெட்லாக்ஸ் என்று முடி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாமா?

முடியைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டது கலிஃபோர்னியா, 2019-ல்; கிரவுன் சட்டம் என்று பெயர். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தொடர்ந்தன. நாடு முழுவதுக்குமான சட்டம் 2022-ல் கீழவையில் நிறைவேறியதோடு நின்றுவிட்டது. உங்கள் மாநிலம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர்கள் என் அனுபவத்தில் முடியைப் பார்த்து ஆர்டரைக் குறைத்ததில்லை. குறைப்பார்கள் என்று பயப்படுவது மேலாளர்கள்தான்.

எந்த மாதிரி கம்பெனியில் தொடங்குவது நல்லது?

பயிற்சி கொடுக்கிற கம்பெனியில். பொருள் இரண்டாம் பட்சம். பழைய காலத்தில் ஐ.பி.எம்., ஜெராக்ஸ் இரண்டும் விற்பனைக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. ஃபுளோரிடா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1971-ல் ஐ.பி.எம்.மில் விற்பனையாளராகச் சேர்ந்த ஜான் தாம்ப்சன் 1999-ல் சைமான்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் தலைவரானார், 2014-ல் மைக்ரோசாஃப்ட் இயக்குநர் குழுவுக்கே தலைவரானார். 1968-ல் ஜெராக்ஸில் விற்பனையில் நுழைந்த பாரி ராண்ட் பிறகு ஏவிஸ் கார் வாடகைக் கம்பெனியை நடத்தினார்.

இன்று அந்த வேலையைச் செய்வது மென்பொருள், சம்பளப்பட்டியல் சேவை, மருத்துவக் கருவி, தொழிற்சாலைச் சாமான் கம்பெனிகள். முதல் படி பெரும்பாலும் எஸ்.டி.ஆர். என்கிற வேலை: போனும் மின்னஞ்சலும் வழியாக ஆளைப் பிடித்து மூத்த விற்பனையாளருக்குச் சந்திப்பு ஏற்பாடு செய்துகொடுப்பது. அலுப்பான வேலை. ஒன்றரை வருடத்துக்கு மேல் அதிலேயே வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். உங்களுக்குப் பிறகு சேர்ந்தவர் முந்திப் போனால் உரக்கவே கேளுங்கள்.

சேருவதற்கு உங்களிடமே பணம் கேட்கிற ‘வியாபார வாய்ப்பு’ எதையும் தொடாதீர்கள். சர்ச்சுக்கு வருகிற சித்தி சொன்னாலும் சரி. முடிப் பராமரிப்புச் சாமான் விற்ற கறுப்பினத் தொழிலதிபர் மேடம் சி.ஜே. வாக்கர் நூறு வருடத்துக்கு முன் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை வீடு வீடாக விற்க அனுப்பவில்லையா என்பார்கள். அனுப்பினார். 1917-ல் பிலடெல்ஃபியாவில் அவர்களைக் கூட்டி மாநாடே நடத்தினார். ஆனால் துணி வெளுப்பதும் வீட்டு வேலையுமே கதி என்றிருந்த பெண்களுக்கு அவர் கொடுத்தது விற்கக் கூடிய ஒரு சரக்கு. ஆள் சேர்த்தால்தான் காசு என்கிற திட்டத்துக்கு அவர் பெயரை இழுக்க வேண்டாம்.

“கறுப்பின வாடிக்கையாளர்களை நீ பார்த்துக்கொள்” என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947-ல் பெப்சி கம்பெனி எட்வர்ட் பாய்ட் என்பவரை வேலைக்கு எடுத்து, கறுப்பின மக்களிடம் விற்கக் கறுப்பினத்தவர்களையே கொண்ட விற்பனைக் குழு ஒன்றை அமைக்கச் சொன்னது. படித்த, மிடுக்கான பன்னிரண்டு பேர் வரை அதில் இருந்தார்கள். ஊர் ஊராகப் போனார்கள். தெற்கில் ரயிலில் தனிப்பெட்டி, ஹோட்டலில் அறை கிடையாது. கறுப்பினக் குடும்பங்களின் வீட்டில் தங்கினார்கள். பாய்ட் போட்ட விளம்பரங்களில் கறுப்பினக் குடும்பங்கள் சமையற்காரர்களாகவும் கோமாளிகளாகவும் வராமல் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் பாட்டிலுக்கு எட்டிக் கை நீட்டுகிற சிறுவன் ரான் பிரவுன். பின்னாளில் கிளின்டன் அரசில் வணிகத் துறை அமைச்சர். விற்பனை ஏறியது. ஆனால் பாய்டுக்கு ஆதரவாக இருந்த கம்பெனித் தலைவர் வால்டர் மாக் 1950-ல் போனதும் கொஞ்ச காலத்தில் குழு கலைந்துவிட்டது.

கதவு திறந்ததும் அந்தச் சந்தைதான், அதற்கு வெளியே போக விடாமல் நிறுத்தியதும் அதுதான். இன்று சட்டம் தெளிவு. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதிப்படி, இனத்தைப் பார்த்து ஊழியருக்கு இடமோ வாடிக்கையாளரோ ஒதுக்கக் கூடாது. கறுப்பின மேலாளர்களையும் மருந்தாளுநர்களையும் கறுப்பினப் பகுதிக் கடைகளுக்கே அனுப்பியதாக வழக்கு வந்து, வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் 2.4 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்தது. நீங்களாக விரும்பி அந்தச் சந்தையைக் கேட்டால் அது வேறு. அந்தத் தெருவும் சர்ச்சும் சலூனும் தெரிந்தவருக்கு அது பெரிய பலம். அப்போதும் டார்கெட்டை அந்தச் சந்தையின் அளவுக்கு எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் பொது ஏரியாவுக்கு வரும் வழியையும் கேளுங்கள்.

வாடிக்கையாளரே மட்டமாகப் பேசினால்?

அன்றே மேலாளருக்கு மின்னஞ்சல். என்ன சொன்னார், எப்போது, யார் இருந்தார்கள். புகார் தொனி வேண்டாம், நடந்தது மட்டும். மேலாளர் அந்தக் கணக்கைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்து “உன் நன்மைக்குத்தான்” என்றால் மாற்றாக அதே மதிப்புள்ள கணக்கு எது என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள். வாடிக்கையாளரின் வெறுப்புக்கு உங்கள் கமிஷனில் அபராதம் விழக் கூடாது. இந்த இடத்தில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். கணக்கை மாற்றினேன், ஈடு கொடுக்க மறந்தேன். அந்தப் பெண் எட்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

ஆலோசனை சொல்ல யாரைப் பிடிப்பது? பெரிய ஆட்களோடு பழகக் கோல்ஃப் கற்றுக்கொள்ளணுமா?

கோல்ஃப் பிடித்தால் ஆடுங்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு வகை ஆள். ஒருவர் தொழில் சொல்லிக்கொடுப்பவர். அவர் போகிற சந்திப்புக்கு வாயைத் திறக்காமல் கூடவே போய் உட்காருங்கள். இன்னொருவர், ஏரியா பிரிக்கிற அறைக்குள் உட்கார்ந்திருப்பவர். நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பெயரைச் சொல்ல அவர்தான் உண்டு. முதல் வகையைக் கண்டுபிடிப்பது சுலபம், இரண்டாவதுதான் கஷ்டம். அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் எண்களை ஐந்து வரியில் எழுதி அனுப்புங்கள். பேச அவரிடம் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

தனியாக இருக்க வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் ஜெராக்ஸின் கறுப்பின விற்பனையாளர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் தாங்களே ஒன்றுகூடி, ஏரியா பங்கீட்டைக் கேள்வி கேட்டது மட்டுமில்லாமல் ஒருவருக்கொருவர் பேச்சைத் திருத்தி, தொழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். இன்று கறுப்பின விற்பனையாளர்களுக்கென்றே நேஷனல் சேல்ஸ் நெட்வொர்க் இருக்கிறது. 1970-லிருந்து நேஷனல் பிளாக் எம்.பி.ஏ. அசோசியேஷன் இருக்கிறது. அவர்களின் மாநாட்டில் கம்பெனிகள் மேஜை போட்டு ஆள் எடுக்கின்றன.

பாரபட்சம் நடக்கிறது என்று தெரிகிறது. என்ன செய்வது?

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு. தேதி போட்டு எழுதுங்கள்: எந்தக் கணக்கு எப்போது வந்தது, எது எடுக்கப்பட்டது, யாருக்குப் போனது, என்ன காரணம் சொன்னார்கள். வீட்டில் வையுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த ஒரு தவறை வைத்தே உங்களை வெளியே அனுப்பிவிட்டு, பேச்சை அதோடு முடித்துவிடுவார்கள்.

சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (இ.இ.ஓ.சி.) புகார் கொடுக்க 180 நாள் கெடு, மாநிலத்திலும் அதே மாதிரிச் சட்டத்தை நடத்துகிற அமைப்பு இருந்தால் 300 நாள். கம்பெனிக்குள் மனிதவளத் துறை ‘விசாரிக்கிறோம்’ என்று இழுக்கிற காலத்தில் இந்தக் கெடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 1964 சட்டம் பதினைந்து பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான். சின்னக் கம்பெனி என்றாலும், ஒப்பந்தக்காரராக இருந்தாலும், 1866 சிவில் உரிமைச் சட்டம் இருக்கிறது: ஒப்பந்தம் செய்வதில் இனப் பாகுபாடு கூடாது என்பது. உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம் போட்ட சட்டம், இன்றும் கோர்ட்டில் நிற்கிறது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழிலாளர் வழக்கறிஞரிடம் பேசுங்கள். நான் வழக்கறிஞன் இல்லை.

எல்லா இனத்தவரையும் வேலைக்குச் சேர்க்கிற பன்முகத்தன்மைத் திட்டங்களை எல்லாம் மூடுகிறார்களே, இனி என்ன?

2025 ஜனவரியில் அரசு 1965-ன் பழைய ஆணை ஒன்றை ரத்து செய்தது. அரசு ஒப்பந்தக் கம்பெனிகள் இனச் சமத்துவத்துக்கு முயற்சி எடுக்க வேண்டும் என்ற ஆணை அது. பல கம்பெனிகள் தங்கள் குழுக்களின் பெயரை மாற்றின, சில மூடின. 1964 சட்டமும் 1866 சட்டமும் அப்படியே இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், பன்முகத்தன்மை என்று சுவரொட்டி ஒட்டிய காலத்திலும் ஏரியா பட்டியலை யாரும் திறந்து பார்த்ததில்லை.

ஏரியா மோசம் என்று தெரிந்துவிட்டது. எத்தனை நாள் தாங்குவது?

பயிற்சி நன்றாக இருந்தால் ஒரு வருடம் தாங்கலாம். எண் சரியில்லாமல் வெளியே வந்தாலும் அடுத்த நேர்காணலில் சொல்ல வழி இருக்கிறது: “எனக்குக் கிடைத்த தொண்ணூறு கணக்கில் உயிரோடு இருந்தவை ஏழு. அதில் நான்கை முடித்தேன்.” இதைக் கேட்டுப் புரிந்துகொள்ளாத மேலாளரிடம் சேர வேண்டாம்.

நாங்கள் மேலாளர்கள், தமிழர்கள். எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

அந்தக் கேன்டீன் மேஜையில் தலையாட்டியவன் என்பதால் சொல்கிறேன். இணையம் வழியாக வருகிற விசாரிப்புகளைக் கையால் பிரிக்காதீர்கள், கணினியிடம் விடுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் நான் குழுவின் பட்டியல்களை எடுத்து, பெயர் இருக்கிற நிரலை மறைத்துவிட்டு, கடைசியாக வாங்கிய தேதியில் வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். என் மேலாளர் அன்று செய்தது மாதிரியே.

இந்த வருடம் ஆறு பட்டியலில் ஒன்று மெலிந்திருந்தது. பெயரைத் திறந்தேன். போன செப்டம்பரில் சேர்ந்த கிளார்க் அட்லாண்டாப் பையன். பிரித்துக் கொடுத்தது நான். அன்று மாலையே பதினொரு கணக்குகளை மாற்றி எழுதினேன். அதில் நான்கு, பத்து வருடமாகக் கூட இருக்கிற என் கோயம்புத்தூர் நண்பரிடமிருந்து எடுத்தது. அவர் இரண்டு வாரம் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.